சேதுபதியின் சுவர்கள்



பாலவனத்தத்திலிருந்து இராமநாதபுரத்திற்குச் செல்வோர் அருப்புக்கோட்டையைக் கடந்து, திருச்சுழியில் குண்டாற்றைப் பார்த்து, நரிக்குடி, பார்த்திபனூர், பரமக்குடி என ஊர்களை எண்ணிக்கொண்டே போகவேண்டும். கரிசல் மெல்ல மெல்ல வெளுத்து மணற்பாங்காகிறது. பருத்திக்காடும் கம்பங்கொல்லையும் குறைந்து பனையும் சீமைக் கருவேலமும் மிகுகின்றன. கண்மாய்க்கரைகள் மட்டும் வழி முழுதும் உடன் வருகின்றன. வானம் பார்த்த இந்நிலம் முழுவதும் ஒரு காலத்தில் சேதுபதிகளின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. 1985ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் வரையில் பாலவனத்தமும் இராமநாதபுரமும் ஒரே மாவட்டத்தின் ஊர்கள்தாம்.

உறவு மாவட்ட எல்லையோடு நின்றதன்று. பாலவனத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867–1911) சேதுபதி குடும்பத்தைச் சார்ந்தவர். அவர் தந்தையார் பொன்னுசாமித் தேவர், முத்துராமலிங்க சேதுபதியின் தமையனார். சமத்தானத்தின் ஆட்சிப் பொறுப்பைத் தம் கையில் வைத்து நடத்தியவர். ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குப் பொருளுதவி புரிந்தவர். ஆதலின் பாலவனத்தத்து இலக்கிய அன்பர் ஒருவர் இராமநாதபுரத்துக் கோட்டைப் பகுதிக்குச் செல்வது அயலூர்ப் பயணம் அன்று. தம் ஊரின் பழைய வரலாற்றில் பாதியைத் தேடிச் செல்வதேயாகும்.

கோட்டைப் பகுதி என்று இன்று சொல்லப்படுவது அரண்மனையும் அதனைச் சூழ்ந்த தெருக்களுமே. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றிக் கற்கோட்டை எழுப்பியவர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1710 வரை ஆண்ட அவர் எழுப்பிய அரசு மண்டபமே இராமலிங்க விலாசம். கோட்டை மதில் மறைந்துவிட்டது. கடைத்தெருவின் இரைச்சலும் பேருந்தின் ஊதுகுழல் ஒலியும் அரண்மனை வாயில் வரையில் வந்து நிற்கின்றன. வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் இராசராசேசுவரி அம்மன் கோயிலும் விலாசத்தின் உயர்ந்த தூண்களும் கண்ணிற்படுகின்றன. இப்போது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை விலாசத்தைப் பாதுகாத்து, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது.

கட்டடத்தின் அமைப்பே ஒரு செய்தியைச் சொல்கிறது. முன்னே பெருமண்டபம், அதன்பின் சற்று உயர்ந்த இடைமண்டபம், அதற்கும் பின்னே கருவறை போன்ற உள்ளறை, மேலே தனியறைகள். கோயிலின் அமைப்பை அரசவைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மன்னனைக் காண வந்தவன் இறைவனைக் காணச் செல்வதுபோல் படிப்படியாக உள்ளே போகவேண்டும். 'கோ', 'இல்' என்னும் சொற்களை இணைத்துக் கோயில் என்று அரண்மனைக்கும் ஆலயத்திற்கும் ஒரே பெயர் வைத்த மொழிக்கு இதில் வியப்பில்லை. எனினும் சொல்லில் மறைந்து கிடக்கும் ஒன்றைக் கல்லிலும் சுதையிலும் காண்பது வேறோர் அனுபவம்.

இந்த மண்டபத்தின் சுவர்களும் தூண்களும் வளைவுகளும் விதானமும் சுண்ணப்பூச்சின்மேல் தீட்டிய ஓவியங்களால் நிறைந்துள்ளன. கிழவன் சேதுபதிக்குப்பின் பட்டமெய்தி 1725 வரை ஆண்ட முத்து விசயரகுநாத சேதுபதியின் காலத்தவை இவை என்று அறிஞர் கொள்வர். இராமாயணக் காட்சிகள் உண்டு, கண்ணன் கதை உண்டு, கோயில்கள் உண்டு. இவை தமிழ்நாட்டின் பல கோயில் மண்டபங்களில் காணக்கூடியவையே. இராமலிங்க விலாசத்தைத் தனித்து நிற்கச் செய்பவை அரசியல் ஓவியங்கள். அக்காலத்தில் நடந்தவற்றை, நடந்துகொண்டிருந்தவற்றை, நடந்ததாக நம்பப்படவேண்டும் என்று அரசன் விரும்பியவற்றைச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள்.

நான்கு காட்சிகளை நின்று நோக்கவேண்டும்.

முதலாவது போர். தஞ்சை மராட்டியர் படையும் சேதுபதியின் படையும் மோதுகின்றன. தஞ்சையில் அப்போது முதலாம் சரபோசி ஆண்டுகொண்டிருந்தார் (1712–1728). குதிரைகள் பாய்கின்றன, காலாட்கள் நெருங்குகின்றனர், பீரங்கிகள் நிறுத்தப்பட்டுள்ளன. ஓவியனுக்குத் தொலைவு காட்டும் முறையில் நாட்டம் இல்லை. எல்லாரும் ஒரே அளவினராய், பக்கத்தோற்றத்தில், வரிசை வரிசையாக நிற்கின்றனர். பரணி பாடிய புலவன் செய்ததும் இதுதான். களத்தை ஒரு கண்ணால் ஒரு நொடியில் பார்ப்பது அவன் நோக்கமன்று. அடுக்கிக் காட்டுதலே அவன் நோக்கம். இன்றைய கவிஞர் சிலர் அடுக்கணியைப் பழைமை என்று ஒதுக்குகின்றனர். இச்சுவரின்முன் சிறிது நேரம் நின்றால் அடுக்குதலுக்கு உள்ள ஆற்றல் அவர்களுக்குப் புலப்படலாம்.

இரண்டாவது, ஐரோப்பியர் சேதுபதியின் அவைக்கு வரும் காட்சி. தொப்பியும் நீண்ட சட்டையும் அணிந்த வெளிநாட்டார் மன்னன் முன்னிலையில் உள்ளனர். முத்துக்குளித்துறைக்கும் சங்கு எடுக்கும் உரிமைக்கும் பாம்பன் கால்வாய் வழியாகக் கப்பல் செல்வதற்கும் ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் சேதுபதிகளோடு உடன்படிக்கை செய்துகொண்ட காலம் அது. கடல் வழியாக வந்த வணிகர் இசைவு கேட்கவேண்டிய இடத்தில் நின்றனர். இசைவு கொடுக்கும் இடத்தில் சேதுபதி அமர்ந்திருந்தார். ஓவியம் அந்த உறவைப் பிழையின்றிப் பதிந்திருக்கிறது.

மூன்றாவது காட்சியே மிக நுட்பமானது. மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு மணிகளால் முழுக்காட்டுகிறார். இரத்தினாபிடேகம் என்பர். இதனை எப்படிப் படிப்பது? முழுக்காட்டுபவன் மேலோன், முழுக்காட்டப்படுபவன் அவன் அருளைப் பெறுவோன் என்று பார்த்தால் சேதுபதி மதுரைக்கு அடங்கியவர் என்பதே பொருள். அப்படியாயின் அடங்கியவர் தம் அடக்கத்தைத் தம் அவையிலேயே ஏன் தீட்டிவைக்கவேண்டும்? வரலாறு ஒரு விடை தருகிறது. 1702ஆம் ஆண்டில் மதுரை அரசி மங்கம்மாள் அனுப்பிய படையைக் கிழவன் சேதுபதி முறியடித்தார். மதுரையின் தளவாய் நரசப்பையா அப்போரில் மாண்டார். அதன்பின் மதுரையின் மேலாண்மை பெயரளவினதே. ஆற்றலில் உயர்ந்துவிட்டவனுக்கு இனி வேண்டியது மதிப்பு. பழைய தலைவன் கையாலேயே அதனைப் பெறுவதுபோன்ற உயர்வு வேறில்லை. பணிவைக் காட்டுவதுபோல் தோன்றும் ஓவியம் உண்மையில் சமத்துவத்தைக் கோருகிறது. இருபொருள்பட மொழிதலில் தேர்ந்த புலவர்களின் அவையில் தீட்டப்பட்ட சிலேடை ஓவியம் இது எனலாம்.

நான்காவது, இராசராசேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் அளிக்கும் காட்சி. மதுரையும் வேண்டா, தஞ்சையும் வேண்டா. ஆட்சி நேரே அம்மனிடமிருந்து வந்தது என்பது இதன் கூற்று. மூன்றாம் காட்சியையும் நான்காம் காட்சியையும் அடுத்தடுத்து எண்ணிப் பார்த்தால் அரசனின் உள்ளத்து ஐயம் வெளிப்படும். செங்கோலை அம்மனே கொடுத்துவிட்டாள் என்றால் மதுரையின் மணிமுழுக்கு எதற்கு? இரண்டும் தேவைப்பட்டன. ஒன்று போதும் என்ற உறுதி அவருக்கு இருந்திருக்குமாயின் மற்றொன்று சுவரேறியிராது. அரசியல் ஓவியங்கள் உரத்துப் பேசும் இடமெல்லாம் அச்சம் உள்ள இடம் என்பதை இந்த இரு காட்சிகளிலிருந்து அறியலாம்.

அந்த அச்சம் வீண்போகவில்லை. முத்து விசயரகுநாத சேதுபதி 1725இல் மறைந்தார். அரியணைக்குப் போட்டி எழுந்தது. போட்டியிட்டோர் மாறி மாறித் தஞ்சையின் உதவியை நாடினர். சுவரில் எந்தத் தஞ்சைப்படையைச் சேதுபதியின் படை எதிர்த்து நிற்கிறதோ அந்தத் தஞ்சையே இராமநாதபுரத்தின் அரசுரிமையைத் தீர்மானித்தது. 1730ஆம் ஆண்டை ஒட்டிச் சீமை பிரிந்தது. சிவகங்கை தனி அரசாயிற்று. வடபகுதி தஞ்சைக்குப் போயிற்று. வண்ணம் உலர்ந்து இருபது ஆண்டுகூட ஆகாத நிலையில் அந்தப் போர் ஓவியத்தை அண்ணாந்து பார்த்த அவையினர் என்ன எண்ணியிருப்பர்? சுண்ணாம்பு பூசி மறைக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. தோற்ற பின்னும் அழிக்காமல் வைத்திருந்தமைக்காக அந்த அரண்மனையாரைப் பாராட்டவேண்டும்.

ஓவியத்தின்மேல் ஓவியம் தீட்டுவது புதிதன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் திருச்சுற்றறையில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் புதைந்து கிடந்தன; 1931இல் எசு.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். ஓர் ஆட்சி மற்றோர் ஆட்சியின் சுவரைத் தன் சுவராக்கிக்கொண்டதற்கு அது சான்று. நெல்லைச் சீமையில் திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் அடுக்குகளுள்ளும் போர்க்காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. ஆயினும் அவை கோயில்கள். அரசன் நாள்தோறும் அமர்ந்து வழக்குக் கேட்ட இடத்தில், வந்தவன் தலைநிமிர்ந்தால் கண்ணிற்படும்படி, சமகால அரசியலை இவ்வளவு விரிவாகத் தீட்டிய இடம் தமிழ்நாட்டில் எஞ்சியிருப்பது அரிது.

மேல்தளத்து அறைகளில் காட்சி மாறுகிறது. அங்கே சேதுபதி போர்வீரர் அல்லர், இன்பம் துய்ப்பவர். மகளிர் சூழ இருக்கின்றார்; ஆடலும் பாடலும் நிகழ்கின்றன. மகளிர் பலர் உடல்வளைத்துப் பின்னிப் பிணைந்து யானையாகவும் குதிரையாகவும் உருக்கொள்ள, அவற்றின்மேல் மன்மதனும் இரதியும் ஊர்கின்றனர். ஓவியனின் திறம் வியக்கத்தக்கது. அதே வேளையில், ஊர்தியாக வளைந்த பெண்களுக்கு முகம் உண்டே தவிரப் பெயர் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். உலாவில் பேதை முதல் பேரிளம்பெண் வரையில் எழுவரும் தலைவனைக் கண்டு வளைகழன்று நிற்பர். அவர்களுக்கும் பெயர் இல்லை. அமிர்த கவிராயர் இரகுநாத சேதுபதியைத் தலைவனாகக் கொண்டு நாணிக்கண்புதைத்தல் என்னும் ஒரே துறையில் நானூறு பாடல்கள் பாடினார். ஒருதுறைக்கோவை என்ற அந்நூலின் கற்பனை வளத்தை மறுப்பார் இலர். நானூறு பாட்டிலும் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவள் கண்ணைத் திறந்தால் என்ன கண்டிருப்பாள் என்பது அக்காலப் புலவர் எவர்க்கும் தோன்றவில்லை.

கண் திறந்த பெண்கள் அந்த அரண்மனையிலேயே இருந்தனர். செல்லமுத்து சேதுபதியின் மகள் வேலுநாச்சியார் இங்கே வளர்ந்தவர். சிவகங்கைக்கு அரசியாகிச் சென்று, கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவிலில் வீழ்ந்தபின், எட்டாண்டு காத்திருந்து 1780இல் சீமையை மீட்டவர். அதே 1772இல் நவாபின் படையும் கும்பெனிப் படையும் இராமநாதபுரம் கோட்டையைத் தகர்த்தபோது, சிறுவனான முத்துராமலிங்க சேதுபதிக்காக ஆட்சிப்பொறுப்பேற்றிருந்தவர் அவன் தாய் முத்துத்திருவாயி நாச்சியார். அவரைப் பிடித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சிறைவைத்தனர். 1803இல் கும்பெனி நிலையான வரித்திட்டத்தின்படி சமீன் உரிமையை அளித்தபோது அதனை ஏற்றவரும் மங்களேசுவரி நாச்சியார் என்னும் பெண்ணே. இவர்களுள் எவரையும் அந்தச் சுவர் எழுதவில்லை. சுவர் நிறைந்துவிட்டது என்பது ஒரு காரணமாகலாம்.

இவ்வோவியங்களின்கீழ் நடந்த நிகழ்ச்சிகளுள் தமிழ்மக்கள் அனைவரும் அறிந்தது ஒன்று. 1798 செப்டம்பரில் கும்பெனியின் கலெக்டர் சாக்சன், பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனை ஊர் ஊராக அலைக்கழித்து, இறுதியில் இராமநாதபுரத்தில் சந்தித்தான். சந்திப்பு இராமலிங்க விலாசத்தில் நிகழ்ந்தது என்பது வழிவழிச் செய்தி. கட்டபொம்மனை இருக்கையளிக்காமல் நீண்டநேரம் நிற்கவைத்தே சாக்சன் கேள்விகள் கேட்டான். கைகலப்பு மூண்டது, கிளார்க் என்னும் படைத்தலைவன் மாண்டான், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். சென்னையிலிருந்த மேலிடமே பின்னர்ச் சாக்சனின் போக்கைக் குறைகூறி அவனைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அதனால் பாளையக்காரர்க்கு விளைந்த நன்மை இல்லை. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

சுவரில் சேதுபதி முன்னிலையில் நிற்கும் ஐரோப்பியர்; அச்சுவரின்கீழ் ஐரோப்பியன் முன்னிலையில் நிற்கவைக்கப்பட்ட தமிழ்ப் பாளையக்காரர். இடையில் கழிந்தது நூறாண்டுகூட இல்லை. சாக்சன் ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தானா என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. கட்டபொம்மன் பார்த்திருக்கக்கூடும், நிற்பவனுக்குச் சுவரைத் தவிர வேறு எதுவும் பார்ப்பதற்கில்லை. இது நாடகத்திற்குரிய கரு. 1959ஆம் ஆண்டுத் திரைப்படம் சாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் இடையே எழுப்பிய உரையாடல் தமிழ்நாட்டுச் சிறுவர் எல்லாருடைய நாவிலும் ஏறிவிட்டது. வரலாற்றுச் சந்திப்பில் வரிபாக்கியைப் பற்றிய வறண்ட கேள்விகளே மிகுதி. பின்னணியில் நின்ற ஓவியங்களைப் பற்றிய ஒரு கவிதைகூட இன்னும் எழுதப்படவில்லையானால் அந்தக் குறையை இவ்வட்டத்துக் கவிஞர்கள் தீர்க்கலாம்.

இனி, சுவரும் அரசியலும் அரண்மனையை விட்டு வெளியே வந்த கதை. மக்களாட்சியில் சுவர் தெருவுக்கு வந்தது. 1952இல் தொடர்வண்டி நிலையங்களின் பெயர்ப்பலகையிலிருந்த இந்தி எழுத்தைத் தாரால் அழிக்கும் போராட்டத்தில் அழித்தலே எழுதுதலாக இருந்தது. 1950களுக்குப்பின் சுண்ணாம்புச் சுவரும் காவியும் நீலமும் தமிழ்நாட்டுத் தேர்தலின் இலக்கணமாயின. எழுத்தறியாத வாக்காளர்க்குச் சின்னமே பெயர். உதயசூரியனும் இரட்டை இலையும் ஊர்ப்புற ஓவியர் கையில் எத்தனையோ வடிவெடுத்தன. 1977இல் எம்.சி. இராமச்சந்திரன் என்று முழுப்பெயர் கூறினால் விழிக்கும் மூதாட்டியும் எம்.சி.ஆர். போட்டியிட்டது அருப்புக்கோட்டையில் என்பதை அறிவார். அவ்வாண்டு அத்தொகுதியில் வென்றுதான் அவர் முதலமைச்சரானார். இச்சுற்றுவட்டாரத்துச் சுவர்களில் அப்போது தழைத்த இலைகளுக்கு அளவில்லை. தேர்தல் முடிந்த மறுநாளே அடுத்த தேர்தலுக்குச் சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி எல்லை கட்டுவார்கள். சேதுபதிக்கு அம்மன் அளித்த செங்கோலைப் போல் அவர்களுக்கு ஒரு வாளி சுண்ணாம்பு.

திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959ஆம் ஆண்டிலேயே இருந்தது. ஏட்டளவில் கிடந்தது எனலாம். 1990களில் தி.ந. சேசன் தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்தபோது விதிகள் கடுமையாக்கப்பட்டன; சுவர் எழுத்து குறையத் தொடங்கிற்று. அடுத்து வந்த நெகிழிப் பதாகை ஊர்ப்புற ஓவியரின் தூரிகையைப் பறித்தது. கணிப்பொறியில் வெட்டியொட்டிய முகங்கள் ஒரே சிரிப்பைச் சிரிக்கின்றன. சுவரில் எழுதிய கோணல் 'ழ'கரத்தில் எழுதியவன் கை தெரிந்தது.

தெருச்சுவர் பற்றிப் பேசுகையில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தென்மாவட்ட ஊர்கள் பலவற்றில் சுவரோவியம் கட்சியைக் காட்டுவதோடு நிற்பதில்லை. தெருவின் சாதியையும் காட்டுகிறது. எந்தத் தலைவரின் படம், எந்த வண்ணக் கோடு என்பதைப் பார்த்தே வெளியூரான் தான் நிற்பது எவர் தெரு என்று அறிந்துகொள்கிறான். விடுதலைக்குப் பாடுபட்ட பெரியோர் எல்லைக்கற்களாகிவிட்டனர். படத்தின்மேல் சேறு பட்டால் ஊர் எரிகிறது. வேலுநாச்சியாரின் உருவமும் இப்போது சுவர்களில் ஏறியிருக்கிறது. குதிரைமேல், வாளுடன், மிடுக்காக. அவரைச் சுவரில் காண்பது மகிழ்ச்சியே. அவரோடு படைநடத்திய பலவேறு குலத்தாரை அதே சுவர் எழுத மறுக்கும்போது மகிழ்ச்சி குறைகிறது.

இந்நிலை நமக்கே உரியதன்று. வட அயர்லாந்தின் பெல்பாசுட்டு நகரில் பால்சு சாலை, சாங்கில் சாலை என இரு பகுதிகள் அருகருகே உள்ளன. முன்னது கத்தோலிக்க தேசியவாதிகளுடையது. பின்னது பிரித்தானிய ஒன்றியத்தை விரும்பும் புரோட்டசுடண்டு மக்களுடையது. 1908 முதலே ஒன்றியச் சார்பினர் தம் வீட்டுச்சுவர்களில் 1690ஆம் ஆண்டுப் போரில் வென்ற வில்லியம் அரசரைக் குதிரைமேல் தீட்டி வந்தனர். 1969இல் கலவரம் மூண்டபின் இரு பகுதிகளுக்குமிடையே உயர்ந்த தடுப்புச்சுவர்கள் எழுந்தன. அவற்றுக்கு அமைதிச்சுவர் என்று பெயரிட்டனர். 1981இல் சிறையில் 66 நாள் உண்ணாநோன்பிருந்து இறந்த பாபி சாண்ட்சு பாடல்களும் நாட்குறிப்பும் எழுதியவர். அவருடைய சிரித்த முகம் பால்சு சாலைப் பகுதியில் பெரிதாகத் தீட்டப்பட்டுள்ளது. 1998இல் உடன்பாடு ஏற்பட்டது. இன்று உலகெங்கிலுமிருந்து செல்வோர் வாடகை வண்டிகளில் அமர்ந்து அவ்வோவியங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஓவியங்களை விளக்குபவர் எந்தப் பகுதியைச் சேர்ந்தவரோ அந்தப் பகுதியின் வரலாற்றையே கேட்கமுடியும். இரு வண்டிகளில் ஏறிச் சுற்றினால்தான் ஒரு நகரைப் பார்த்ததாகும்.

உண்ணாநோன்பு என்றவுடன் பாலவனத்தத்தார்க்கு அடுத்த ஊர் நினைவுக்கு வரவேண்டும். விருதுநகரில் சங்கரலிங்கனார் 1956 சூலை 27இல் தொடங்கி 76 நாள் உண்ணாதிருந்து அக்டோபர் 13இல் உயிர்நீத்தார். மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிடவேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளுள் ஒன்று. 1967 சூலையில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. சாண்ட்சின் முகம் அறியாத பெல்பாசுட்டுச் சிறுவன் இல்லை. சங்கரலிங்கனாரின் முகத்தை அறிந்தோர் விருதுநகரிலேயே எத்தனை பேர்? அவர்க்கு மணிமண்டபம் உண்டு. தெருச்சுவர் இல்லை. எந்தத் தெருவும் தன்னுடையவர் என்று அவரைப் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை என்பது அவர்க்குப் பெருமையா, நமக்குக் குறையா என்பதை இரு பக்கமும் வாதிடலாம்.

பாண்டித்துரைத் தேவரிடம் மீண்டும் வரலாம். இராமலிங்க விலாசத்தின் ஓவியங்களை இளமை முதல் பார்த்து வளர்ந்தவர் அவர். அவருடைய குடும்பத்தில் அரசுரிமை என்பது அதற்குள் நீதிமன்ற வழக்காகச் சுருங்கிவிட்டிருந்தது. இராமநாதபுரத்துத் தத்துரிமை வழக்கு இலண்டன் பிரிவிகவுன்சில் வரையில் சென்று 1868இல் தீர்ந்தது. அம்மன் அளித்த செங்கோலை ஆங்கில நீதிபதிகள் உறுதிசெய்யவேண்டியிருந்த காலம். அக்காலத்தில் பாலவனத்தத்து சமீன்தார் தம் செல்வத்தைப் புதிய விலாசத்திற்கோ புதிய ஓவியத்திற்கோ செலவிடவில்லை. 1901 செப்டம்பர் 14இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்டார். 1902இல் 'செந்தமிழ்' இதழ் இரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது துணைநின்றார். சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் அச்சேறியதும் அவர் ஆதரவினாலேயே. வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பற்கழகம் 1906இல் தோன்றியபோது அதன் தலைவர் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியக் கப்பல்கள் இசைவு கேட்டு வந்த கடலில் தமிழர் கப்பல் விட இசைவு கேட்கவேண்டியிருந்ததை அவர் எண்ணிப் பார்க்காமல் இருந்திருப்பாரா?

முன்னோர் சுவரில் எழுதியதை அவர் தாளில் எழுதச் செய்தார் என்று சொன்னால் அழகாயிருக்கும், முழு உண்மையாகாது. புரவலரைப் புகழும் பாயிரங்களும் சாற்றுகவிகளும் அந்தத் தாள்களிலும் நிறைந்துள்ளன. மணிமுழுக்காட்டும் வேலையை அங்கே புலவர்கள் செய்தார்கள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இராமலிங்க விலாசத்தில் நுழைய அரசனின் இசைவு வேண்டியிருந்தது. மணிமேகலையைத் திறக்க எவருடைய இசைவும் வேண்டியதில்லை.

விலாசத்திற்குச் செல்ல விரும்பும் அன்பர்க்குச் சில சொற்கள். ஓவியங்களின் கீழ்ப்பகுதி ஈரத்தாலும் மனிதக் கைகளாலும் பெரிதும் உதிர்ந்துவிட்டது. ஆதலின் மேல்நோக்கிப் பார்க்கவேண்டும், கழுத்து வலிக்கும். தம் பெயரையும் காதலியின் பெயரையும் சுண்ணப்பூச்சில் கீறிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களும் ஒருவகையில் சேதுபதியின் வழியினரே; ஆனால் வண்ணம் கொண்டுவரவில்லை. புகைப்படக் கருவியின் ஒளிவெட்டு வண்ணத்திற்குப் பகை. வரைதாளும் எழுதுகோலும் போதும்.

முக்கியமாகக் காட்சிகளின் அருகே எழுதப்பட்ட தமிழ் எழுத்துகளைப் படிக்கவேண்டும். இன்னார் இன்னது செய்கிறார் என்று குறிக்கும் சிறு தொடர்கள் அவை. அக்கால வழக்கப்படி புள்ளியிடாமல், எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதிய எழுத்து. பேச்சுவழக்கின் உருவங்கள் தயக்கமின்றி நுழைகின்றன. அவையில் வீற்றிருந்த புலவர்கள் வெண்பாவும் கலித்துறையும் யாத்துக்கொண்டிருக்க, ஏணிமேல் நின்ற ஓவியன் தான் பேசிய தமிழில் இவற்றை எழுதியிருக்கிறான். அந்நூற்றாண்டுச் சேதுநாட்டுத் தமிழை ஆராய்வோர்க்குச் செப்பேடுகளுக்கு இணையான சான்று இது. பூச்சு உதிருந்தோறும் ஒரு சொல் உதிர்கிறது. இவ்வட்டத்தில் பழைய எழுத்துப் பயின்ற ஆசிரியர் சிலர் உள்ளனர். கோடை விடுமுறையில் தொல்லியல் துறையின் இசைவு பெற்று இரண்டு மூன்று நாள் தங்கி, எஞ்சியவற்றை எழுத்துக்கு எழுத்தாகப் படியெடுத்து வைத்தால் அடுத்த மலரில் வெளியிடலாம்.